முழுசாக எடுப்பதா, வெட்டித் தைப்பதா? வன்னியின் சிறு குழுக்களுக்கு ஓர் அஜைல் ஒப்பீடு

வவுனியாவில் ஆறு பேர் சேர்ந்து மென்பொருள் குழு ஒன்றைத் தொடங்குகிறார்கள். நான்கு பேர் பம்பைமடுவில் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்கள். மற்ற இருவரும் கொழும்பில் சில வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். போன மாதம் கிளிநொச்சிக்கு வந்து எங்கள் அலுவலகத்தில் அரை நாள் இருந்தார்கள். கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, ஸ்க்ரம் செய்யிறதா, கன்பான் செய்யிறதா, இல்லாட்டி எங்களுக்கு ஏத்த மாதிரி நாங்களே வெட்டி எடுக்கிறதா?"

ஸ்க்ரமும் கன்பானும் அஜைல் முறைகள்: மென்பொருளை மொத்தமாகத் திட்டமிட்டுக் கடைசியில் கொடுக்காமல், சிறிது சிறிதாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டு போகும் வழிகள். அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் பஸ் ஏறிய பிறகு அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. இங்கே இப்படித் தொடங்கும் குழுக்கள் கூடிக்கொண்டு வருகின்றன. எல்லோரும் இதே இடத்தில்தான் தடக்குகிறார்கள். ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

எங்கள் குழு ஏழு பேர். ஏ9 வீதியில் ஒரு மாடி அறை. எங்களிடம் இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஒன்று, லண்டனில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டிக்கொடுக்கும் செயலி. மற்றது ஊர் வேலை: அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்கு, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் களஞ்சியமும் கடன் கணக்கும். இந்த இரண்டும் ஒரே முறைக்குள் அடங்க மறுத்ததால்தான் நாங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்த்தோம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு முறையை நம் வசதிக்கு மாற்றினால் அது அஜைல் இல்லாமல் போய்விடுமா? 2001 பெப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். அதில் எந்த முறையையும் இப்படித்தான் செய் என்று விதிக்கவில்லை. நான்கு விழுமியங்களும் 12 கொள்கைகளும் இருக்கின்றன. கடைசிக் கொள்கை என்ன சொல்கிறது தெரியுமா? குழு குறித்த இடைவெளிகளில் தன் வேலையைத் திரும்பிப் பார்த்து, இன்னும் நன்றாகச் செய்ய வழி யோசித்து, அதன்படி தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எதை மாற்றுகிறோம், எப்போது, யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

சரி, ஸ்க்ரமைப் பார்ப்போம்.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் 1995 இல் பொதுவில் முன்வைத்த முறை இது. அதற்கான வழிகாட்டி 2010 இல் முதலில் வந்தது. கடைசித் திருத்தம் 2020 நவம்பரில். 15 பக்கம்கூட வராது, இலவசமாகவே கிடைக்கிறது. ஆறு பேரும் ஒரு பின்னேரம் சேர்ந்திருந்து வாசியுங்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஏனென்றால் ஸ்க்ரம் என்று பலர் செய்வது வேறெங்கோ கேட்ட ஸ்க்ரம். தினமும் "நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை" என்று மூன்று கேள்வி கேட்பதுதான் ஸ்க்ரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 2020 திருத்தத்தில் அந்த மூன்று கேள்விகளையே எடுத்துவிட்டார்கள்.

ஸ்க்ரமில் வேலையைச் சம அளவான குறுகிய காலத் துண்டுகளாகப் பிரிப்பார்கள், அப்படி ஒரு துண்டுக்குப் பெயர் ஸ்பிரின்ட். அதன் கூட்டங்களுக்கு எவ்வளவு நேரம் போகும் என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு மாத ஸ்பிரின்டுக்கு வழிகாட்டி வைக்கும் உச்ச வரம்பு: திட்டமிடலுக்கு 8 மணித்தியாலம், செய்ததைக் காட்டும் ரிவியூவுக்கு 4, திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவுக்கு 3, தினமும் கூடும் ஸ்டான்ட்-அப்புக்கு 15 நிமிடம். இரண்டு கிழமை ஸ்பிரின்ட் என்றால் பாதியாக எடுங்கள்: 4, 2, ஒன்றரை. பத்து நாள் ஸ்டான்ட்-அப்புக்கு இரண்டரை. மொத்தம் 10 மணித்தியாலம். ஒருவரின் 80 மணித்தியால வேலையில் எட்டிலொரு பங்கு. இது உச்சம்தான், நடைமுறையில் குறையும். ஆனாலும் ஆறு பேருக்கு இந்தச் செலவு சிறியதல்ல. தெரிந்தே செலவழிக்க வேண்டும்.

அந்தச் செலவுக்கு என்ன கிடைக்கிறது? மழை வந்தால்தான் கூரையில் எங்கே ஒழுக்கு என்று தெரியும். முழு ஸ்க்ரம் அந்த மழை மாதிரி. நாங்கள் முதல் மூன்று மாதம் ஓர் எழுத்தும் மாற்றாமல் செய்தோம். மூன்றாவது ஸ்பிரின்டிலேயே ஒரு பெரிய ஒழுக்கு தெரிந்தது. லண்டன் வாடிக்கையாளர் பக்கம் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் மின்னஞ்சலில் ஒன்று கேட்பார். இளையவர் அங்கே வேலை முடிந்த பிறகு, நமக்கு நள்ளிரவு தாண்டும் நேரத்தில், வட்ஸ்அப்பில் வேறொன்று கேட்பார். நாங்கள் இரண்டையும் செய்துகொண்டிருந்தோம். எது முதலில் என்று சொல்லும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், அது ஒரு குழுவாக இருக்கக்கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்கிறது. அதைக் காட்டித்தான் மூத்தவரிடம் பேசினோம். அவரும் விளங்கிக்கொண்டு, இனி எல்லாம் தன் மூலம்தான் என்று ஒத்துக்கொண்டார். நாங்கள் தொடக்கத்திலேயே "இந்தப் பொறுப்பெல்லாம் நமக்கு எதற்கு" என்று அதை வெட்டியிருந்தால், ஒழுக்கு எங்கே என்று தெரியாமலே நனைந்திருப்போம்.

ஸ்க்ரமில் ஒரு பகுதியை மட்டும் செய்தால் அது ஸ்க்ரம் ஆகாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. அதைப் படித்துப் பலர் எரிச்சல்படுவார்கள். எனக்கு அது பயனுள்ள வரியாகப் படுகிறது. நாம் எதை விட்டோம் என்பதை மறக்காமல் இருக்க அது உதவும்.

ஆனால் கூட்டுறவுச் சங்க வேலையில் ஸ்க்ரம் நின்றுபிடிக்கவில்லை. திங்கட்கிழமை இரண்டு கிழமைக்குத் திட்டம் போடுவோம். புதன்கிழமை அங்கிருந்து கணக்காளர் அம்மா அழைப்பார்: "பிள்ளை, மாத முடிவு. கணக்குப் பொருந்தேல்ல. ஆரையாவது அனுப்புவியளே?" அனுப்பாமல் இருக்க முடியுமா? இரண்டாவது அழைப்பில் திட்டம் சிதறிவிடும். ஸ்பிரின்ட் முடிவில் பாதி வேலை முடியாமல் கிடக்கும், பிள்ளைகள் குற்ற உணர்வோடு இருப்பார்கள். உண்மையில் அவர்கள் ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை.

இப்படி வேலை தானாக வந்து கதவைத் தட்டும் இடத்துக்குக் கன்பான் பொருந்தும். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த அட்டை முறை அது. அதை மென்பொருள் வேலைக்கு ஏற்றபடி வகுத்தவர் டேவிட் அன்டர்சன். அவருடைய முதல் விதியே, இப்போது என்ன செய்கிறீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். பதவிப் பெயர்களை மாற்ற வேண்டாம், புதுக் கூட்டங்கள் வேண்டாம். நடக்கும் வேலையைப் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதுங்கள், ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலை இருக்கலாம் என்று வரம்பு வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். தலைவர், முகாமையாளர், கணக்காளர் என்று பதவி வரிசை இறுகிப்போயிருக்கும் சங்கம் மாதிரியான அமைப்போடு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அந்த வரம்புதான் இதன் உயிர். அதைத்தான் எல்லோரும் முதலில் கைவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் விளங்கவில்லை. "வேலை வந்தா எடுக்கத்தானே வேணும்?" என்றார்கள். அப்போது சிறுபோகக் கூட்டத்தைச் சொன்னேன். இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் இந்தச் சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள். வயல் இருக்கிறது என்பதற்காக எல்லாரும் முழுக் காணியையும் விதைத்தால் கடைசித் தண்ணீருக்கு எல்லாப் பயிரும் வாடும். குளம் பார்த்து விதைப்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் குழுவில் மூன்று பேர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எண்ணாகவும் பார்க்கலாம். ஜோன் லிட்டில் என்பவர் 1961 இல் நிறுவிய ஒரு விதி இருக்கிறது. கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, கிழமைக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை கிழமை எடுக்கும் என்று வரும். 12 வேலை கையில், கிழமைக்கு 3 முடிகிறது என்றால் 4 கிழமை. அதே வேகத்தில் கையில் 6 மட்டும் வைத்திருந்தால் 2 கிழமை. யாரும் கூடுதலாக உழைக்கவில்லை. சங்கத்துக்குக் கொடுக்கும் பதில் மட்டும் இரண்டு கிழமை முந்துகிறது.

கன்பானில் குறையும் இருக்கிறது. அது யாரையும் அவசரப்படுத்தாது. "இந்த வெள்ளி செய்ததைக் காட்ட வேண்டும்" என்ற நெருக்குதல் இல்லாவிட்டால், புதிதாகக் கட்டும் வேலைகள் இழுபட்டுப் போகும். எங்கள் பலகையில் ஓர் அட்டை, அறிக்கைப் பக்கத்துக்கானது, ஏழு கிழமை ஒரே இடத்தில் இருந்தது. குண்டூசி துருப்பிடித்து அட்டையில் கறை விழுந்த பிறகுதான் கவனித்தோம். (ஒட்டும் தாள்கள் வேண்டாம். மின்விசிறிக் காற்றுக்கும் இந்த வெயிலுக்கும் மத்தியானத்துக்குள் பாதி கீழே கிடக்கும். பிரிஸ்டல் அட்டையை வெட்டிக் குண்டூசியால் குத்துங்கள்.)

மூன்றாவது வழி, நாமே வெட்டித் தைப்பது. இன்று நாங்கள் இருப்பது இங்கேதான். ஆனால் இதிலேயே தொடங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தொடங்கும்போது எது சுமையாகத் தெரிகிறதோ அதைத்தான் கை வெட்டும். பெரும்பாலும் அதுதான் உண்மையில் தேவையானது. நாங்களும் அப்படி ஒன்றை வெட்டி அடிபட்டோம். வேலை நெருக்கிய ஒரு காலத்தில் மூன்று மாதம் ரெட்ரோவை நிறுத்திவைத்தோம். "எல்லாரும் ஒரே அறையில்தானே இருக்கிறோம், தனியாக என்ன பேசுவது" என்று அப்போது எல்லோருக்கும் சரியாகவே பட்டது. அந்த மூன்று மாதத்தில் ஒரே பிழை மூன்று தடவை நடந்தது. காப்புப் பிரதி ஒழுங்காக எடுத்தோம், அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை சங்கத்தின் இரண்டு நாள் பதிவுகள் போய்விட்டன. கணக்காளர் அம்மாவும் அவருடைய உதவியாளரும் பற்றுச்சீட்டுக் கட்டை வைத்து இரவிரவாகத் திரும்பப் பதிந்தார்கள். முதல் தடவைக்குப் பிறகே ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த இரவு அவர்களுக்கு மிஞ்சியிருக்கும்.

நாங்கள் வெட்டாமல் மாற்றிய விஷயங்களைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

ரெட்ரோவைத் திரும்பத் தொடங்கியபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் குழுவில் மூத்தவர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். அண்ணா என்று கூப்பிட்ட வாயால் "உங்களால்தான் வேலை நிற்கிறது" என்று எப்படிச் சொல்வது? பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்று ஒருமுறை முயன்றும் பார்த்தோம். யாருக்கும் வாய் வரவில்லை, நானும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மரியாதை நல்லதுதான். அதனால் கூட்டத்தின் வடிவத்தை மாற்றினோம். முதல் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா, ஒரே அளவுத் துண்டுக் காகிதம். பெயர் இல்லாமல் எழுதி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். குழுவில் ஆகக் குறைந்த வயதுக்காரர் கலக்கி எடுத்து வாசிப்பார்.

முதல் நாளே ஒரு துண்டு இப்படி வந்தது: "நான் எழுதி முடிச்ச புரோகிராமை அண்ணா பார்த்துச் சொல்ல மூண்டு நாள் ஆகுது. அந்த மூண்டு நாளும் எனக்கு வேலை இல்லை." அறை அமைதியாகிவிட்டது. அந்த அண்ணா துண்டை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு, "நாளையிலயிருந்து காலமை முதல் வேலை அதுதான்" என்றார். அன்றே பலகையில் "பார்க்க வேண்டியவை" நிரலுக்கு வரம்பு இரண்டு என்று எழுதினோம். மூன்றாவது அட்டை அங்கே வர வேண்டுமென்றால், இருக்கும் இரண்டில் ஒன்றை யாராவது பார்த்து முடிக்க வேண்டும். இன்றைக்கும் அந்த இரண்டு அழியவில்லை.

ரிவியூவை அலுவலகத்திலிருந்து எடுத்து ஆலைக்குக் கொண்டுபோனோம். முன்பு முதலாளியை வரவழைத்து, ப்ரொஜெக்டரில் காட்டுவோம். "நல்லாயிருக்கு பிள்ளை" என்று தேநீர் குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் தராசடிக்கே போய், நிறுக்கும் தம்பியிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றோம். அவர் முதலில் சட்டைப்பையிலிருந்த கொப்பியில் எழுதினார். உமித்தூசி படிந்த விரலால் திரையைத் தொட்டார், அது கேட்கவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்பத் தொட்டார். எங்கள் திரை கிலோவைக் கேட்டது. அவர் மூட்டைக் கணக்கில் பேசினார். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் கழிவு போடும் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது, எங்கள் திரையில் அதற்கு இடமே இல்லை. இரவில் கொப்பியைப் பார்த்து யாரோ பதிகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ப்ரொஜெக்டர் முன்னால் எத்தனை மாதம் இருந்தும் இது எங்களுக்குத் தெரிய வந்திருக்காது.

ஸ்டான்ட்-அப்பை மாற்றியது நிலைமை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, பிறகு பெற்றோல் இல்லை. மாங்குளத்திலிருந்தும் பரந்தனிலிருந்தும் வருபவர்களை ஒரே நேரத்தில் கூட்ட முடியவில்லை. வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவாக்கினோம். சிக்னல் கிடைக்கும்போது கேட்கலாம். இதில் முகம் தெரியாது, ஒருவர் திணறுவது குரலில் மறைந்துவிடும். அதனால் ஒரு விதி சேர்த்தோம்: சிக்கி நின்றால் பதிவின் முதல் சொல்லே "சிக்கிட்டன்" என்று இருக்க வேண்டும். நிலைமை சரியான பிறகு காலை எட்டரைக் கூட்டத்துக்கே திரும்பிவிட்டோம். அந்தச் சொல் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

இவற்றைவிடப் பெரிய மாற்றம், வருடத்தையே இரண்டாகப் பிரித்தது. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை காலபோக அறுவடை. ஆலையில் லொறி வரிசை நிற்கும். அந்த நேரத்தில் புதுத் திரை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆகவே அறுவடை நாட்களில் ஆலை வேலை கன்பான்: வரும் பிழைகளை மட்டும் திருத்துவோம், புதிதாக எதுவும் ஏற்றுவதில்லை. அறுவடை ஓய்ந்ததும் இரண்டு கிழமை ஸ்பிரின்டுக்குத் திரும்புவோம். ஆவணி, புரட்டாதியில் சிறுபோக அறுவடைக்குத் திரும்பவும் கன்பான். லண்டன் வேலைக்கு வருடம் முழுக்க ஸ்பிரின்ட்தான்.

எக்ஸ்பி, அதாவது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பற்றியும் கேட்டார்கள். கென்ட் பெக் 1990களில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்குத் திட்டத்தில் வளர்த்தெடுத்த முறை. அதிலிருந்து இருவர் சேர்ந்து ஒரே புரோகிராமை எழுதுவதையும், அதைச் சரிபார்க்கும் சோதனையை முதலில் எழுதுவதையும் கட்டாயம் எடுங்கள். எங்கள் பக்கத்துக்கு இதில் தனிக் காரணம் இருக்கிறது. இங்கே நல்ல பிள்ளை ஒன்று எப்போது கனடாவுக்கோ பிரான்சுக்கோ போகும் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை அவரோடு சேர்ந்து விமானம் ஏறிவிடும்.

சேஃப், ஸ்பொட்டிஃபை மாதிரி என்று பெரிய பெயர்களும் வந்தன. அவை பல குழுக்களை ஒன்றிணைக்க வேண்டியவர்களுக்கானவை. ஆறு பேருக்கு வேண்டாம்.

இனி வவுனியாப் பிள்ளைகளுக்கான பதில். உங்களுக்கு முதலில் வந்திருப்பது ஒரு தனியார் கல்வி நிலையத்துக்குப் புதிதாகக் கட்டும் செயலி, ஒரே வாடிக்கையாளர், ஆறு மாதம். அதற்கு ஸ்க்ரமை முழுசாக எடுங்கள், ஒரு கிழமை ஸ்பிரின்டாக. சிறிய ஸ்பிரின்ட் என்றால் பிழையும் ஒரு கிழமையோடு நிற்கும், கூட்டங்களும் சுருங்கும். ஆறு ஸ்பிரின்ட் முடியும்வரை எதையும் வெட்ட வேண்டாம். ஏழாவதிலிருந்து ஒரு ரெட்ரோவுக்கு ஒரே ஒரு மாற்றம், அதையும் ஆறு பேரும் சேர்ந்து தீர்மானியுங்கள். கொழும்பில் இப்படித்தான் செய்தோம் என்று மூத்த இருவரும் தீர்மானித்துவிட்டால், மற்ற நால்வரும் தலையாட்டிவிட்டுத் தங்கள் பாட்டில் இருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் கொப்பியில் திகதி போட்டு எழுதி, அது என்ன கஷ்டத்துக்காகச் செய்தது என்றும் ஒரு வரி சேருங்கள். அந்தக் கஷ்டம் குறையவில்லை என்றால் பழையபடி மாற்றிவிடலாம்.

செயலி பாவனைக்குப் போய், பராமரிப்பு அழைப்புகள் வரத் தொடங்கும் நாளில் ஒருவரை அதற்கென்று ஒதுக்கி, அந்த வேலைக்கு மட்டும் கன்பான் பலகை வையுங்கள். கிழமைக்கு ஒருவர் என்று முறை மாறட்டும். ரெட்ரோவையும், பாவிப்பவர் கையில் கொடுத்துப் பார்க்கும் ரிவியூவையும் எந்த நெருக்கடியிலும் நிறுத்தாதீர்கள்.

அந்தக் கல்வி நிலையத்தில் கட்டணம் வாங்கும் அக்காவை இதுவரை சந்திக்கவில்லை என்று சொன்னீர்கள். முதல் ஸ்பிரின்ட் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள், பின்னேர வகுப்பு விடும் நேரம் பார்த்துப் போய், அவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருங்கள்.